தாள் இழுக்கும் பெட்டி

மேசை ஸ்கேனர் இரண்டு வகை. ஒன்று, மூடியைத் திறந்து கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்து வைப்பது. மற்றது, அடுக்கிய தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்வது. வீட்டிலிருந்தே கணக்குவழக்கு பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் கைகொடுக்கும். ஒரே ஓட்டத்தில் இரு பக்கத்தையும் படிக்கும் ரகமென்றால் வேலை பாதி.

அதன் அழகு உருளைகளில் இருக்கிறது. ரப்பர் உருளை மேல்தாளை இழுக்கும்போது, எதிரிலுள்ள தடுப்பு அடுத்த தாளை உராய்வால் பிடித்து நிறுத்துகிறது. தப்பித்தவறி இரண்டு ஒட்டிப் போனால், நல்ல கருவிகள் மீயொலியால் கண்டுபிடித்து நின்றுவிடும். தாள்களுக்கிடையே உள்ள காற்றுப்படலம் ஒலியை மங்கச் செய்வதே துப்பு. இந்த வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்துக்கு 300 போதும்; அதிலேயே ஏ4 தாள் 2480க்கு 3508 புள்ளிகளாக விரியும். புகைப்படத்துக்கு 600.

மடிப்பில் இற்றுப்போன பழைய பத்திரத்தை உருளையிடம் கொடுப்பது பாவம். அதற்குக் கண்ணாடிதான். ஆனால் லீகல் அளவுத் தாளில் எழுதிய பத்திரம் ஏ4 கண்ணாடிக்குள் அடங்காது; வெளியே நிற்பது பெரும்பாலும் கையெழுத்து விழுந்த அடிவரி.

தாள் இழுக்கும் ரகத்தில், படத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோடு விழுந்தால் பெரும்பாலும் கருவி பழுதில்லை. உணரி அசையாமல் இருக்க, தாள்தான் நகர்கிறது. உள்கண்ணாடியில் ஒட்டிய ஒரு பொட்டுப் பசை பக்கம் முழுக்கக் கோடாகிறது. இழை விடாத துணியால் துடைத்தால் போய்விடும்.