செலோவும் பியானோவும்: ‘யூத இசை’ என்னும் வகைப்பாடு குறித்து

மேனாட்டுச் செந்நெறி இசை பற்றிய நூல்களில் ‘யூத இசையாக்குநர்’ என்ற தொடர் அடிக்கடி கையாளப்படுகின்றது. பிறப்பைச் சுட்டும் இத்தொடர் காலப்போக்கில் இசையின் இயல்பையே சுட்டுவதாகக் கொள்ளப்பட்டுவிடுகின்றது. பிறப்பிலிருந்து கலையின் இயல்பை உய்த்துணர முடியுமா என்பதே நாம் எழுப்பும் வினா. செலோவின் நாதம் மனிதக் குரலுக்கு மிக அணித்தானது. வழிபாட்டுப் பாடலின் சாயலை அது எளிதில் ஏற்கும். எனவே செலோவுக்கும் பியானோவுக்குமான ஆக்கங்கள் இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமானவை.

பெலிக்ஸ் மெண்டெல்சோன் (1809–1847), யூத அறிவொளி இயக்கத்தின் முன்னோடியான மோசஸ் மெண்டெல்சோனின் பேரர். 1816இல் புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் பெற்றவர். பாக்கின் மத்தேயு திருப்பாடுகளை 1829இல் பேர்லினில் மீண்டும் அரங்கேற்றியவரும் அவரே. 1838இலும் 1843இலும் செலோவுக்கும் பியானோவுக்குமென இரு சொனாற்றாக்களை அவர் இயற்றினார். இரண்டாவதன் மூன்றாம் பகுதியில், லூதரன் தேவாலயக் கீதத்தை ஒத்த இசையைப் பியானோ விரிந்த சுரக்கோவைகளாக எழுப்ப, செலோ பேச்சோசை தழுவி மறுமொழி பகர்கின்றது. இங்கு நாம் கேட்பது பாக்கின் மரபேயாகும்.

ஆயினும் 1850இல் வாக்னர் புனைபெயரில் வெளியிட்ட கட்டுரை, ஐரோப்பியப் பண்பாட்டுக்கு அந்நியரான யூதரால் போலச்செய்ய மட்டுமே இயலும் என வாதிட்டு, மெண்டெல்சோனையே அதற்குச் சான்றாக்கிற்று. அத்தகைய தருக்கம் அரச அதிகாரம் பெற்றபோது, லைப்சிக் நகரில் நின்ற அவரது சிலை 1936இல் அகற்றப்பட்டது.

இதற்கு மறுதலையான சான்றொன்றும் உண்டு. 1880இல் மக்ஸ் புரூக் செலோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமென ‘கோல் நிட்ரே’யை ஆக்கினார். பியானோத் துணையுடனும் பரவலாக வாசிக்கப்படும் இவ்வாக்கத்தின் முதன்மை மெட்டு, யூதரின் பாவநிவிர்த்தி நாள் வழிபாட்டுக்குரியது. புரூக்கோ புரட்டஸ்தாந்தர். யூதக் குடும்பத்திற் பிறந்தவர் லூதரன் கீதத்தின் சாயலிலும், புரட்டஸ்தாந்தர் யூத வழிபாட்டு மெட்டிலும் உயரிய இசை படைத்தனரெனின், குருதிவழிக் கொள்கை நிலைபெறுவது எங்ஙனம்?

1908இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் யூத நாட்டாரிசைச் சங்கம் தோன்றியமை, தேசிய உணர்வு இசையைத் தழுவிய காலகட்டத்தைக் காட்டும். ஜெனீவாவிற் பிறந்த ஏர்னஸ்ற் புளொக் (1880–1959) இக்காலத்தவர். பழைய மெட்டுகளை மீட்பதன்று, யூத ஆன்மாவை வெளிப்படுத்துவதே தம் நோக்கம் என்றார் அவர். வாக்னர் இழிவாக்கியதைப் புளொக் பெருமையாக்கினார். ஆயின் இசை இனத்தின் ஆன்மாவிலிருந்து பிறக்கின்றது என்ற அடிப்படை இருவருக்கும் பொதுவானது. நற்பேறாக, புளொக்கின் இசை அவரது கொள்கையினும் மேலானது. 1924இல் எழுந்த ‘யூத வாழ்விலிருந்து’ என்னும் ஆக்கத்தில், அரைச்சுரத்தினும் நுண்ணிய இடைவெளிகளைச் செலோ தீண்டுகின்றது. அவற்றைத் தரவியலாத பியானோ தன் நிலைத்த சுரங்களோடு உடன் செல்கின்றது. இவ்விசைவின்மையே அவ்வாக்கத்தின் உருக்கத்துக்குக் காரணம். அது பயிற்சியாலும் தேர்வாலும் அமைந்த நுட்பமேயன்றிப் பிறப்பின் கொடையன்று.

எனின், ‘யூத’ என்ற அடைமொழியைக் கைவிடலாமா? மீச்சிஸ்வாவ் வைன்பேர்க்கின் (1919–1996) வாழ்வு இதற்கு விடை தருகின்றது. வார்சோவிற் பிறந்த அவர் 1939இல் சோவியத் ஒன்றியத்துக்குத் தப்பினார். பெற்றோரும் தங்கையும் நாசிகளாற் கொல்லப்பட்டனர். செலோவுக்கும் பியானோவுக்குமான அவரது முதற் சொனாற்றா 1945இல் எழுந்தது. அவருக்குப் புகலளித்த அதே நாட்டிலேயே, 1953 பெப்ரவரியில் ‘யூத முதலாளித்துவத் தேசியவாதி’ என்ற குற்றச்சாட்டின் பேரில் அவர் கைதுசெய்யப்பட்டு, ஸ்டாலினின் மறைவின் பின்னரே விடுதலை பெற்றார். முற்போக்கு நோக்குடைய திறனாய்வு இவ்வுண்மையை மறைத்தல் தகாது.

மெண்டெல்சோனின் சிலையை அகற்றியவர்களும் வைன்பேர்க்கைச் சிறையிலிட்டவர்களும் அவர்தம் சுரங்களைக் கேட்டுத் தீர்ப்பளித்தவர் அல்லர். பிறப்பை நோக்கித் தீர்ப்பளித்தவர்களே. ஆகவே, ‘யூத இசையாக்குநர்’ என்ற தொடரை அவர்கள் எதிர்கொண்ட வரலாற்றை விளக்கும் வகைப்பாடாக நாம் பேணவேண்டும். இசையை மதிப்பிடும் அளவுகோலாக அதனை ஏற்றல் ஆகாது. முன்னதைக் கைவிடின் கொடுமை மறைக்கப்படும். பின்னதை ஏற்பின் அக்கொடுமையின் தருக்கமே நமது திறனாய்விலும் குடிபுகும்.