ஐ7 போட்டால் ஓடுமா?

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதத்தில் அது 360 ரூபாவுக்கு ஏறியபோதே மட்டக்களப்பில் பல குடும்பங்கள் புது லப்டொப் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டன. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் மிச்சமிருந்த ஆசையும் போயிற்று. வந்தாறுமூலை வளாகத்துக்குப் போகும் பிள்ளையும் படுவான்கரையில் பிரத்தியேக வகுப்பு எடுக்கும் ஆசிரியரும் கையில் இருக்கும் பழைய திங்க்பேட்டையோ லற்றிட்யூட்டையோ ஓட்டித்தான் ஆகவேண்டும். ரிப்பேர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இந்த நெருக்கடியின் பிள்ளை: “தம்பி, இதுக்கு ஐ7 ஒண்டு போட்டா ஓடுமா?”

பழைய புரொசசரைக் கழற்றிவிட்டு ஐ7 போடுவது பெரும்பாலான மெஷின்களுக்கு வீண் செலவு என்பதே என் கணிப்பு. ஆனாலும் இந்த வழக்கத்தை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. நியாயம் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

2011இல் வந்த திங்க்பேட் டி420ஐ எடுத்துக்கொள்வோம். கீபோர்ட்டையும் உள்ளங்கை வைக்கும் மேல்தட்டையும் கழற்றி, ஃபேனோடு சேர்ந்த செப்புக் குழாயைத் தூக்கினால், காய்ந்து பொருக்குத்தட்டிய சாம்பல் நிறப் பேஸ்ட்டுக்குக் கீழே புரொசசர் தெரியும். சொக்கெட்டின் ஓரத்தில் ஒரு சிறு திருகு. தட்டை முனை ஸ்குரூ ட்ரைவரால் அதை அரைச்சுற்றுத் திருப்பினால் பூட்டு விடும். சில்லை இரண்டு விரலால் அப்படியே தூக்கலாம். கீழே நூற்றுக்கணக்கான ஊசிக்கால்கள். மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சரிபார்த்துப் புதியதை இறக்கி, திருகை மறுபக்கம் திருப்பினால் வேலை முடிந்தது. பழகிய கைக்கு அரைமணி நேரம்கூடத் தேவையில்லை.

இந்த வசதி இன்டலின் முதல் நான்கு ‘கோர் ஐ’ தலைமுறைகளோடு நின்றுவிட்டது. ஐந்தாம் தலைமுறை முதல் சாதாரண லப்டொப்புகளில் புரொசசர் மதர்போர்ட்டோடு சோல்டர் செய்தே வருகிறது. மெலிவான லப்டொப் வேண்டும் என்று நாம் கேட்டோம். மாற்றும் உரிமையைக் கம்பனி அந்தச் சாக்கில் எடுத்துக்கொண்டது. ஐ5-5200யூ, ஐ5-7200யூ போன்றவை இருக்கும் மெஷினுக்கு “ஐ7 போட்டுத் தாறன்” என்று யாராவது சொன்னால், முழு மதர்போர்ட்டையும் மாற்றப்போகிறார் என்றே விளங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோல்டர் குண்டுகளை உருக்கிப் பெயர்க்கப்போகிறார். அந்தச் சூட்டில் போர்ட் போனால் இரண்டும் இல்லை. மாடல் எண்ணும் சில வேளை ஏமாற்றும். டி420இல் சொக்கெட்டில் இருக்கும் ஐ5-2520எம், அதன் தம்பியான எக்ஸ்220இல் சோல்டர் செய்யப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்று, கதை வேறு.

சரி, மாற்றக்கூடிய மெஷின்தான் என்று வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? ஐ5-2520எம்மை எடுத்துவிட்டு ஐ7-2640எம் போட்டால் இரண்டுக்கும் கோர் இரண்டுதான். உச்ச வேகம் 3.2 கிகாஹேர்ட்ஸிலிருந்து 3.5க்குப் போகும், அவ்வளவே. அந்த வித்தியாசம் ஸ்டிக்கரில் தெரியும், வேலையில் தெரியாது. உண்மையான பாய்ச்சல் வேண்டுமென்றால் ஐ7-2720கியூஎம் போல நான்கு கோர் உள்ளதைப் போடவேண்டும். அது 45 வாட். பழையது 35 வாட். அதே செப்புக் குழாயும் அதே சிறிய ஃபேனும்தான் மேலதிகச் சூட்டையும் சுமக்கவேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தகரக் கூரைக்குக் கீழே வைத்து வீடியோ எடிட் செய்தால், மெஷின் தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய கோர்கள் பாதி வேகத்தில் இழுபடும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் கல்லடி, நாவலடிப் பக்கத்து மெஷின்களில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றின் ஈரத்தில் தூசி பிசுபிசுத்து ஃபேன் இறக்கைகளில் அப்பிக்கொள்ளும். ஊதினால் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்கவேண்டும்.

35 வாட்டிலேயே நான்கு கோர் தரும் ஐ7-3632கியூஎம் இருக்கிறதே என்று விசயம் தெரிந்தவர் கேட்பார். நல்ல கேள்வி. சொக்கெட்டில் அது அழகாகப் பொருந்தும். ஆனால் டி420இன் பயோஸ் மூன்றாம் தலைமுறையை அடையாளம் காணாது. அதற்கு 2012இன் டி430 வேண்டும். பொருந்துவது வேறு, ஓடுவது வேறு என்பதைக் காசு கட்டிய பிறகு கண்டுபிடித்தவர்கள் பலர்.

இத்தனைக்கும் மெஷின் மெதுவாக ஓடுவதற்குப் புரொசசர்தான் காரணமா? டாஸ்க் மனேஜரைத் திறந்துவைத்து வழக்கமான வேலையைச் செய்துபாருங்கள். பழைய மெஷின்களில் அநேகமாகப் புரொசசர் பாதி நேரம் சும்மா இருக்கும். டிஸ்க் 100 வீதத்தில் மூச்சுத்திணறும். சுழலும் ஹார்ட் டிஸ்க் மிக நல்ல நிலையிலும் செக்கனுக்கு 100 எம்பியைச் சுற்றித்தான் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தொடும். சிதறிக் கிடக்கும் சிறு ஃபைல்களில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. ரெம்மை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கி, எஸ்எஸ்டி போட்டு, ஃபேனைச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் தடவினால் ஐ5 போதும் என்று பலரும் நிறுத்திக்கொள்வார்கள். அந்த எஸ்எஸ்டியை நாளைக்கு வேறு மெஷினுக்கும் கழற்றிப் போடலாம். பழைய புரொசசரைக் கழற்றி எங்கே போடுவது?

இந்த வழக்கத்துக்குச் சாதகமாகவும் பேசவேண்டும். பாவித்த பற்றரியையும் பாவித்த ஹார்ட் டிஸ்க்கையும் நம்ப முடியாது. பாவித்த புரொசசரை நம்பலாம், அது இலேசில் சாகாது. உடைந்த மெஷினிலிருந்து எடுத்த சில்லு இன்னொன்றுக்கு உயிர் கொடுப்பது குப்பையைக் குறைக்கிறது. அதைவிட, வகுப்பறை சொல்லித்தராத ஒன்றை நம் கடைப் பையன்கள் இப்படித்தான் கற்றார்கள். 2021இல் அமெரிக்காவின் ஃபிரேம்வேர்க் கம்பனி மதர்போர்ட்டை மாற்றக்கூடிய லப்டொப்பை விற்கத் தொடங்கியபோது உலகம் புதுமை என்றது. இங்கே அது பிழைப்பு.

ஆனாலும் காலம் முந்திக்கொண்டது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டல். கழற்றி மாட்டும் சொக்கெட்டோ நான்காம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. எந்த ஐ7ஐப் போட்டாலும் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தயாரானவருக்கு மட்டுமே அந்த மெஷினில் இன்னும் ஆயுள் உண்டு.

ஆகவே மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மட்டும் புரொசசரை மாற்றுங்கள்: சொக்கெட் உள்ள மெஷின், ஏற்கெனவே எஸ்எஸ்டி, புரொசசரை உண்மையாகவே 100 வீதத்துக்கு இழுக்கும் வேலை. இதில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காசை எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்றுக்குச் சேர்த்துவையுங்கள்.