பாட்டுப் புத்தகமும் பரிபாடலும்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆவதாக இருக்கிறது. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி எல்லாம் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடம்பில் போய்த் தைத்த வேட்டைக்காகத்தான் அந்தப் பாட்டைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பின்னால் வருகிறது. வேடன் யாரென்று தெரியாத பாணர் கூட்டம் அவன் முன்னால் பாடத் தயாராகிறது. முழவுக்கு மண் இடுங்கள், யாழில் பண்ணை நிறுத்துங்கள், தூம்பை எடுங்கள், பதலையின் ஒரு முகத்தை மட்டும் மெல்லத் தட்டுங்கள் என்று ஆளாளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பிறகு 21 துறையும் முறைப்படி பாடி முடிக்கிறார்கள். நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கியச் சான்றுகளில் ஒன்று, ஒரு வாத்தியக் குழு சுருதி சேர்க்கும் காட்சி!

இந்த மண்ணில் நின்றுகொண்டு, பாட்டு எழுதுகிறவன் இலக்கியக்காரனா என்று இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். 2016இல் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது உலகமே இரண்டுபட்டது. ஸ்வீடிஷ் அகாடமியின் செயலர் சாரா டேனியஸ், ஹோமரையும் சாப்போவையும் துணைக்கு அழைத்தார். அவர்களும் இசையோடு கேட்பதற்காகப் பாடியவர்கள்தாமே என்றார். தமிழன் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியம் செய்யுளியலிலேயே பண்ணத்தி என்னும் இசைப்பாட்டு வகைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த பரிபாடலைத் திறந்து பாருங்கள். முழுமையாகக் கிடைத்தவை 22 பாட்டுகள்தாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் கீழே பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. சொல்லைத் தந்தவருக்கும் மெட்டைத் தந்தவருக்கும் தனித்தனியே மரியாதை செய்யத் தெரிந்த சமூகம் இது.

அருணகிரிநாதர் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்து உருகியவர். அவருடைய திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அதன் தாள வாய்பாடான சந்தக் குழிப்பை அச்சிட்டிருப்பார்கள். சினிமாவில் இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைச் சொல்ல, கவிஞர் அதற்குச் சொல் போடுவதும் இதே வித்தைதான். மெட்டுக்கு எழுதுவது மட்டமான வேலை என்று சொல்பவர்கள் திருப்புகழை எங்கே வைப்பார்கள் என்று நான் உண்மையிலேயே அறிய விரும்புகிறேன்.

இரவெல்லாம் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை சொல்பவர்களின் பாட்டு ஒரு மரபு. மேட்டூர்ப் பக்கம் விடிய விடிய ஆடும் கூத்தின் பாட்டு இன்னொரு மரபு. இவ்விரண்டையும் பற்றி எழுத இந்தக் கட்டுரை போதாது. தனி மலரே வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அங்கே பாட்டு ஒருவர் எழுதிவைத்த பிரதி அல்ல. ஆடுகிறவர் அன்றைய களரிக்கு ஏற்றபடி கூட்டுவார், குறைப்பார். அதை அளக்கும் கோல் வேறு.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை அளக்கத்தான் நம் விமர்சகர்கள் மிகவும் தடுமாறினார்கள். 1888இல் மோகனூரில் பிறந்தவர், ஓவியர், 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திச் சென்ற உப்பு யாத்திரைக்காக அவர் எழுதிக் கொடுத்த வழிநடைப் பாட்டைத் தமிழ்நாடே அறியும். அது கோஷம், கவிதை அல்ல என்றொரு தீர்ப்பு உண்டு. கொளுத்தும் சித்திரை வெயிலில், தடியடிக்கும் சிறைக்கும் துணிந்து, நாள் கணக்கில் நடக்கிறவர்கள் சேர்ந்து பாட வேண்டிய பாட்டு அது. எட்டு வைப்பதற்கு இசைந்த தாளம், மூச்சு முட்டாத அடி, முதல் முறை கேட்டதுமே வாயில் ஒட்டும் சொல் அதற்கு வேண்டும். அந்த வேலைக்கு நுட்பமான உவமை குறுக்கே நிற்கும். அவர் அதை அறிந்து எளிமையைத் தேர்ந்தார். அறைக்குள் தனியே உட்கார்ந்து வாசிக்கும் கவிதைக்கான கோலை எடுத்து அதை அளப்பது நியாயமில்லை.

இப்போது சேலத்து ஏற்காடு சாலைக்கு வருகிறேன். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டுமே. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த அந்த நிறுவனம் ஒரு பாட்டுப் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. மருதகாசி முதன்முதலில் திரைக்குப் பாட்டெழுதியது இங்கே எடுத்த மாயாவதியில் (1949). கா. மு. ஷெரீப் இங்கே எழுதினார். பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம் இங்கேதான் பொன்முடி (1950) ஆனது. கண்ணதாசன் இங்கிருந்துதான் சண்டமாருதம் இதழை நடத்தினார், இல்லற ஜோதிக்கு (1954) வசனம் எழுதினார்.

இந்தப் பள்ளியின் தரத்தைக் காட்ட ஒரு பாட்டைச் சொன்னால் போதும். மந்திரி குமாரியில் (1950) கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகும் பாட்டு, ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. படத்தின் கதைக்கு மூலம் குண்டலகேசி. அந்தக் காப்பியத்தில் நமக்குக் கிடைத்தவை 19 செய்யுள்கள் மட்டுமே. கள்வனான கணவன் மனைவியைக் கொல்ல உச்சிக்கு அழைத்துப் போகிறான். சாகும் முன் உம்மை மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு அவனையே அவள் தள்ளிவிடுகிறாள். படத்துக்கு வசனம் எழுதிய கருணாநிதி இந்தக் காட்சியைப் படத்தின் உச்சத்தில் வைத்தார். பாட்டின் சொற்களை மட்டும் எடுத்துக் காகிதத்தில் படித்தால், காதலன் காதலியை நிலா காட்டக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். இனிமையான, எளிமையான அழைப்பு. ஆனால் அழைக்கிறவன் மனத்தில் இருப்பது கொலை. அவள் அதை அறியாமல் மகிழ்ந்து பதில் பாடுகிறாள். கேட்கிற நமக்கோ ஒவ்வொரு இனிய சொல்லிலும் குலை நடுங்குகிறது. மெட்டும் இதற்கு உடந்தை. அது மிரட்டவில்லை, தாலாட்டுகிறது.

காகிதத்தில் தனித்து நிற்காத பாட்டு இலக்கியமில்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில். குறுந்தொகைப் பாட்டும் தனித்து நிற்பதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, வரைவு நீட்டித்தவழிச் சொல்லியது என்ற குறிப்பு இல்லாமல் பாதி அகப்பாட்டுகளில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே பிடிபடாது. அந்தக் குறிப்பு சங்கப்பாட்டுக்குச் சிறப்பு, திரைப்பாட்டுக்கு மட்டும் குறை என்றால் அது என்ன நியாயம்? காட்சியைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் படிக்கட்டும். காட்சி கேட்டதற்கு மேல் சொல் ஏதாவது தருகிறதா என்று பார்க்கட்டும். தந்தால் அது இலக்கியம்.

இப்படிப் பார்த்தால் பெரும்பாலான திரைப்பாட்டுகள் தேறமாட்டா என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். குறிலை இழுத்து நெடிலாக்கி மெட்டை நிரப்புவதும், வழக்கமான உவமைகளை வரிசையாக அடுக்குவதும், பாத்திரத்தை மறந்து கவிஞர் தன் புலமையைக் காட்டுவதும் நிறைய உண்டு. மருதகாசி இந்தக் குழிகளில் அதிகம் விழாதவர். அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) படத்தில் சில மெட்டுகள் இந்தியிலிருந்து வந்தவை. அந்த இரவல் மெட்டிலும் தமிழ் திணறாமல் உட்கார்ந்திருக்கும். இந்தத் திறமைக்கு நம் இலக்கிய வரலாறுகளில் ஒரு பத்தி கூடக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

விருதுகள் வந்தன. பாட்டுக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவரே கண்ணதாசன்தான், குழந்தைக்காக (1968) படத்துக்காக. அது திரைப்பட விருது. 1980இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அது சேரமான் காதலி என்ற நாவலுக்கு. வைரமுத்துவுக்கு 2003இல் கிடைத்ததும் கள்ளிக்காட்டு இதிகாசத்துக்கு. பாட்டால் பெயர் பெற்றவர்கள் இலக்கிய வாசலுக்குள் நுழைய நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. நம் ஊரில் இதற்கு நேர்மாறான பயணமும் நடக்கிறது. திருச்செங்கோட்டு நாவலாசிரியர் பெருமாள்முருகன் கீர்த்தனைகள் எழுதுகிறார், டி. எம். கிருஷ்ணா கச்சேரிகளில் பாடுகிறார். பனையும் பஞ்சபூதமும் கர்நாடக மேடையில் ஒலிக்கின்றன. அந்தக் கீர்த்தனைகளை யாரும் சினிமாப் பாட்டைப் போல ஒதுக்கிவைக்கவில்லை.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பதிப்பு. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மட்டமான காகிதம், கொஞ்சம் கதைச் சுருக்கம், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்ற வரி, பிறகு பாட்டுகள். பாட்டெழுதியவர்கள் பெயர்களை முன்பக்கத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டு, எந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லாமல் விட்ட புத்தகங்கள் பல. அதனால்தான் ஒரே பாட்டு ஒரு தொகுப்பில் ஒருவர் பெயரிலும் இன்னொன்றில் வேறொருவர் பெயரிலும் அலைகிறது. அச்சில் இருப்பதும் இசைத்தட்டில் பாடியதும் சில இடங்களில் வேறுபடுகின்றன. ஏட்டுச்சுவடிக்குப் பாடபேதம் பார்த்த நாம் இதற்குப் பார்க்கவில்லை.

சேலத்திலும் நாமக்கல்லிலும் கல்லூரித் தமிழ்த்துறைகள் இருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மருதகாசியின் பாடல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டுகளை முதல் தொகுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டின் மேலே கூற்றும் காட்சியும், கீழே எழுதியவர், இசை வகுத்தவர், பாடியவர், ராகம், மெட்டு வேறிடத்திலிருந்து வந்திருந்தால் அதன் மூலம், இசைத்தட்டோடு ஒப்பிட்ட பாடபேதம் என்று பரிபாடலுக்குச் செய்ததைச் செய்ய வேண்டும். மந்திரி குமாரியிலிருந்தே தொடங்கலாம். மருதகாசி எழுதியது எது, ஷெரீப் எழுதியது எது என்று முதலில் தீர்க்க வேண்டிய படம் அதுதான்.