ஏசி வேலைக்கு ஆகும் செலவு: சென்னைக் கணக்கும் யாழ்ப்பாணக் கணக்கும்

சென்னையில் ஒரு ஸ்பிளிட் ஏசியை மாட்டக் கூலி எவ்வளவு என்று கேட்டால் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை சொல்வார்கள். வேலை முடிந்து பில் வரும்போது 7,000 அல்லது 8,000 ஆகியிருக்கும். இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. கூலியில் அடங்கிய செம்புக் குழாய் பெரும்பாலும் 3 மீட்டர்தான். வெளி யூனிட்டை மொட்டைமாடியில் வைக்கும் வீட்டுக்கு 8 மீட்டராவது தேவைப்படும். மீட்டர் 800 ரூபாய் என்று வைத்தாலும் கூடுதல் 5 மீட்டருக்கே 4,000 போய்விடும். ஸ்டாண்டு, தண்ணீர் வடியும் குழாய், ஒயர், சுவரைத் துளைக்கும் வேலை எல்லாம் தனித்தனி வரியாக ஏறும். இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆகவே ஏசி வாங்கக் கிளம்பும் முன் வெளி யூனிட் எங்கே வரும் என்று முடிவு செய்து, அங்கிருந்து அறைக்கு உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது.

இலங்கையில் விலை சொல்லும் முறை வேறு. சென்னையில் ஒன்றரை டன் என்று கேட்கும் ஏசியை அங்கே 18,000 பிடியு என்று கேட்க வேண்டும். குழாய்க்கு அடிக்கணக்கு. சில கடைகள் மாட்டும் கூலியையும் பத்தடிக் குழாயையும் விலையோடு சேர்த்தே சொல்லிவிடும் என்பதால் கடைசி நேர அதிர்ச்சி சற்றுக் குறைவு. ஆனால் யாழ்ப்பாணத்தின் பழைய ஓட்டு வீடுகளில் வேறொரு செலவு காத்திருக்கிறது. கூரைக்குக் கீழே சீலிங் அடிக்காமல், கதவு யன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளை மூடாமல் ஏசி போட்டால் குளிர் நிற்காது. அந்த மரவேலை, ஏசிக்காரரின் கூலியை விடப் பல மடங்கு அதிகமாகும். அதை யாரும் ஏசிச் செலவில் சேர்த்துச் சொல்வதில்லை.

பொருள் விலையில்தான் இரு நாடுகளும் பெரிதாக விலகுகின்றன. இந்தியாவுக்கான ஏசிகள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டி போன்ற இடங்களில் தயாராகின்றன. 2025 செப்டம்பரில் ஏசி மீதான ஜிஎஸ்டியும் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. இலங்கைக்கு ஏசி, செம்பு, காஸ், கொம்பிரசர் எல்லாமே பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360-ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. கூலி அதிகம் ஏறாவிட்டாலும் உதிரிப்பாகத்தின் விலை ஏறி நின்றுவிட்டது. அதனால் சென்னையில் சர்வீஸ் சென்டர்க்காரர் தயங்காமல் மாற்றச் சொல்லும் பிசிபி போர்டை, இலங்கையில் கழற்றிக்கொண்டுபோய்த் திருத்திப் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கம் மதிக்கத்தக்கது. எரிந்துபோன ஒரு சிறு பாகத்துக்காகப் போர்டு முழுவதற்கும் 5,000, 8,000 என்று கொடுக்கும் சென்னைவாசிகளும் முதலில் திருத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

வழக்கமான கழுவும் சர்வீசுக்குச் சென்னையில் 500 முதல் 800 ரூபாய் ஆகும். கொழும்பில் இலங்கை ரூபாயில் நாலாயிரம், ஐயாயிரம் என்ற அளவில் எதிர்பார்க்கலாம். ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்தால், இலங்கையில் சுமார் இரு மடங்கு. இந்தச் செலவைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை, இரு ஊரிலும் வீண்போகாத காசு அது.

வீண்போகும் காசு காஸில் இருக்கிறது. “கேஸ் இறங்கிடுச்சு சார், போட்டுட்டா சரியாயிடும்” என்று சென்னையில் சொல்வார்கள். “காஸ் முடிஞ்சு போச்சு அண்ணை, அடிச்சாச் சரிவரும்” என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். பெட்ரோல் போல ஓடி ஓடித் தீரும் பொருளில்லை அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். ஒழுக்கை அடைக்காமல் போட்ட காஸ் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி போகும். காஸ் போட ஒருமுறைக்குச் சென்னையில் 2,500 முதல் 3,500 வரை, இலங்கையில் அந்நாட்டு ரூபாயில் 10,000-க்கு மேல். சென்னையில் இந்தத் தொகை தாங்கக்கூடியதாக இருப்பதாலேயே ஒவ்வொரு கோடைக்கும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் காயிலை அரிக்கிறது. அங்கே காஸ் போட்டுக்கொண்டே இருப்பதை விடக் காயிலைப் பார்ப்பதே முறை.

சரியான வேலை எப்படி நடக்கும்? நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி ஒழுக்கைக் கண்டுபிடிப்பார்கள். அடைத்த பிறகு வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுப்பார்கள். பிறகு வெளி யூனிட்டின் லேபிளில் எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி, தராசில் நிறுத்துக் காஸ் விடுவார்கள். பம்ப் கொண்டுவராமல், கொஞ்சம் காஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுகிற குறுக்குவழி இரு நாட்டிலும் உண்டு. இன்று புது ஏசிகளில் பரவலாக வரும் ஆர்-32 தீப்பற்றக்கூடிய காஸ் என்பதால் அந்தக் குறுக்குவழி ஆபத்தும்கூட. குழாயில் தங்கிய ஈரம் கொம்பிரசரைத் தின்னும், அந்தச் செலவு இரண்டாண்டு கழித்து வரும். மாட்டும் கூலியில் 500 ரூபாய் குறைத்துப் பேசி வென்றவர் பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தைத்தான் இழந்திருக்கிறார்.

மின்கட்டணத்தையும் வேலைச் செலவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி 5, 6 யூனிட் இழுக்கும். அறுபது நாளில் 300-க்கு மேல். வீட்டின் மற்றத் தேவைக்கு 250 இருந்தால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு இருந்த மலிவு விலை போய்விடும். அதனால் 500-ஐத் தாண்டும் அந்த ஒரே ஒரு யூனிட்டால் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். இலங்கையில் மாதம் ஒரு பில். 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, 180-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு உச்ச விலை. ஒரு 12,000 பிடியு ஏசி மட்டுமே மாதம் 120 யூனிட் எடுக்கக்கூடும். எனவே அங்கே கூடுதல் விலை கொடுத்து இன்வெர்ட்டர் வாங்குவதில் நியாயம் இன்னும் அதிகம்.

வேலைக்கு ஆளைக் கூப்பிடும் மாதமும் செலவைத் தீர்மானிக்கிறது. சென்னையில் அக்னி நட்சத்திரத்தில் மெக்கானிக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் அவசரமாகத்தான் வேலை நடக்கும். பிப்ரவரியில் கூப்பிட்டால் நிதானமாகப் பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் நெருக்கடி நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருகிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருபவர்களுக்காகப் பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து பார்த்தால், வெளி யூனிட்டுக்குள் எறும்பும் பல்லியும் குடியிருந்து போர்டைக் கெடுத்திருக்கும். பாவிக்காத வீடானாலும் மாதம் ஒருமுறை யாராவது வந்து அரை மணி நேரம் ஏசியை ஓடவிட வேண்டும். திருத்துபவரை ஆடி பிறக்கும் முன்பே வரச்சொல்லிவிட வேண்டும். அவர் வரும்போது வேக்குவம் பம்பும் தராசும் கொண்டுவருவாரா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம்.