லோகோவும் அஞ்சலியும்

2019 பிப்ரவரி 14. புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். உடனே கம்பெனிகள் அஞ்சலி செலுத்த ஆரம்பித்தன: கறுப்புப் பின்னணி, மெழுகுவத்தி, 'வீர வணக்கம்', கீழே லோகோ. நிஜமான துக்கமா, மார்க்கெட்டிங்கா?

மனசைத் திறந்து பார்க்க முடியாது. கணக்கைப் பார்க்கலாம். இறந்தவர்களில் 23 பேர் வாங்கியிருந்த கடனை ஸ்டேட் பாங்க் தள்ளுபடி செய்தது. ஆளுக்கு 30 லட்சம் இன்ஷூரன்ஸையும் சீக்கிரம் தருவதாகச் சொன்னது. இன்ஷூரன்ஸ், சம்பளக் கணக்கோடு வந்த உரிமை. கடன் தள்ளுபடிதான் வங்கி தன் கையிலிருந்து போட்டது. ஒரே செய்தியில் படிக்கும்போது நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

சட்டமும் இருக்கிறது. நன்றாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் லாபத்தில் 2 சதவிகிதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். போரில் கணவரை இழந்த ராணுவக் குடும்பங்களுக்கு உதவினால் அந்தக் கணக்கில் சேரும். சி.ஆர்.பி.எஃப். போன்ற படைகளின் குடும்பங்கள் பட்டியலில் ஏறியது 2020 ஜூனில்தான், புல்வாமாவுக்கு ஒன்றேகால் வருஷம் கழித்து!

கொடுப்பவர் பேர் போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை. பார்த்து இன்னொருத்தர் கொடுப்பார். ஆனால், உரிமையையும் கடமையையும் கருணை மாதிரி காட்டினால் உறுத்துகிறது.

அந்தக் குழந்தைகளின் படிப்பை ஏற்பதாக அறிவித்தவர்களும் உண்டு. அதன் நிஜம் அஞ்சலி நாளில் தெரியாது. வருஷா வருஷம் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நாளில்தான் தெரியும். அன்றைக்கு கேமரா வராது.