எல்லா வீக்கமும் 'அலர்ஜி'தானா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் காலையில் உதடு வீங்கி எழுந்தால் அக்கம்பக்கத்தார் உடனே காரணம் சொல்லிவிடுவார்கள். திராட்சைக்கு அடித்த மருந்து சேரவில்லை என்பார் ஒருவர். கத்தரிக்காய், கருவாடு என்பார் இன்னொருவர். 'காணாக்கடி' என்று முடிப்பார் பாட்டி. அவர்களை நான் குறை கூறவில்லை. நம் இதழ்களின் மருத்துவப் பக்கங்களும் இதையே 'ஒவ்வாமை' என்ற கௌரவமான பெயரில் சொல்லி வருகின்றன; என் குறை அதுதான்.

பெரும்பாலான வீக்கங்களுக்கு அந்த விடை சரியே. ஹிஸ்டமின் பெருகும், தோல் தடித்து அரிக்கும், மாத்திரை போட்டால் அடங்கும். ஆனால் அரிப்போ தடிப்போ இல்லாமல் உதடும் நாக்கும் குடலும் வீங்கி, இரண்டு மூன்று நாள் நீடித்து, அந்த மாத்திரைக்கு மசியாத வீக்கமும் உண்டு. பிராடிகைனின் என்ற வேறொரு பொருள் இரத்த நாளங்களிலிருந்து நீரைக் கசியவிடுவதால் வருவது அது. தொண்டையில் வந்தால் மூச்சடைத்து உயிரே போகலாம்.

பிராடிகைனின் அளவு மீறாமல் காப்பது சி-1 தடுப்பான் என்ற இரத்தப் புரதம். பரம்பரை வீக்கத்தில் இதன் குறைபாட்டை 1963இல் டொனால்ட்சனும் எவான்சும் கண்டறிந்தனர். இந்நோயைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் பரம்பரை என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பெற்றோருக்கு இல்லையே என்று வாசகர் நிம்மதி அடைகிறார். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வருவது ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரிவதே இல்லை.

தேக்கடியில் முல்லைப் பெரியாற்று நீரை அடக்கித் திறக்கும் மதகை எண்ணிப் பாருங்கள். பரம்பரை நோயில் மதகுப் பலகையே சரியாகச் செய்யப்படுவதில்லை. பிற்காலத்தில் வருவதிலோ பலகை நன்றாகவே தயாராகிறது, பிறகுதான் பாழாகிறது. 1972இல் கால்டுவெல் குழுவினர் நிணநீர்த் திசுப் புற்றுநோயாளிகளிடம் இதைக் கண்டனர். நோயுற்ற பி-அணுக்கள் தடுப்பானைச் செலவழித்துவிடுகின்றன என்று கருதப்பட்டது. 1986இல் ஜாக்சன் குழுவினர் தடுப்பானையே முடக்கும் தன்னெதிர்ப் பொருளைக் கண்டனர். பாடநூல்கள் இவற்றை முதல் வகை, இரண்டாம் வகை எனப் பிரித்து வைத்தன. இயற்கை அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஒரே நோயாளியிடம் இரண்டும் சேர்ந்திருப்பதுண்டு. கட்டுமீறிப் பெருகிய பி-அணுக் கூட்டமே அந்த எதிர்ப்பொருளைச் சுரப்பதும் உண்டு.

இது மிக அரிய நோய்தான். ஆயினும் வீக்கம் முதலில் வந்து, இரத்த நோய் சில ஆண்டுகள் கழித்து வெளிப்படலாம். அந்நோய்க்குச் சிகிச்சை செய்ததும் வீக்கம் நின்றவர்கள் உண்டு. 'அலர்ஜி' என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர் இழப்பது அந்த ஆண்டுகளை.

இதைவிட அடிக்கடி காணப்படுவது, எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளால் வரும் வீக்கம். அங்கும் குற்றவாளி பிராடிகைனின்தான்.

ஆகவே பதில் எழுதும் மருத்துவர்களை ஒன்று கேட்கிறேன். என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு முன், அரித்ததா, மாத்திரைக்கு அடங்கியதா, வயதென்ன, வேறென்ன மருந்து என்று கேட்கக்கூடாதா? இரத்தத்தில் சி-4 அளவைப் பார்க்கச் சொல்ல ஒரு வரி போதும். அது குறைந்திருந்து சி-1க்யூவும் குறைந்திருந்தால் பரம்பரையல்ல, பிற்காலத்தில் வந்தது என்ற ஐயம் வலுக்கும்.

வாசகர்களே, நாக்கு தடித்துக் குரல் மாறினால் பதிலுக்குக் கடிதம் எழுதிக் காத்திராதீர்கள். பக்கத்து மருத்துவமனைக்கு அப்போதே செல்லுங்கள். முன்பு வந்த வீக்கங்கள் மாத்திரைக்கு அடங்கவில்லை என்பதை மறவாமல் அங்கே சொல்லுங்கள்.