இருத்தலின் விலை: ‘கென்ஷின் இம்பாக்ட்’ இணைய விளையாட்டில் நிலமும் பொழுதும் உரிப்பொருளும்

ஷாங்காய் நகரின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’, ஜப்பானிய அனிமே சாயலில் வரையப்பட்டு, நுழைவுக் கட்டணமின்றி வழங்கப்படும் இணைய விளையாட்டாகும். ஒருவர் தனித்தும், நால்வர் வரை கூடியும் இதனை ஆடலாம். பலர் கூடி உலவும் கற்பனையுலகம் பிரித்தானியாவிற்குப் புதிதன்று. லண்டனுக்கு வடகிழக்கே, எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த ‘மட்’ இவ்வகையின் முன்னோடி. அது முழுவதும் எழுத்தால் ஆனது; ஆடுவோர் நிலத்தை வாசித்தே அறிந்தனர். கென்ஷினில் நிலம் காட்சியாகவும் இசையாகவும் விரிகிறது. அவ்விசையில் லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பங்கும் உண்டு. ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ வளரும் தமிழ் இளையோர்க்குப் பெற்றோரின் நிலம், பனங்கூடலாயினும் நெல்வயலாயினும், பெரும்பாலும் சொல்லாகவே வந்து சேர்கிறது. காடும் மலையும் கடலும் நாள்தோறும் நடந்து பழகும் இடங்களாக அவர்களுக்கு வாய்ப்பது இத்தகைய திரையில்தான் என்றால், அந்நிலம் தமிழ்த் திறனாய்வின் எல்லைக்குள் வருவது முறையே.

இவ்விளையாட்டின் டெய்வாட் உலகம் ஏழு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இயற்கை ஆற்றல், ஒரு தெய்வம், தனி உணவு, தனி இசை, அந்நிலத்தில் மட்டுமே விளையும் செடிகொடி என்று வரையறை உண்டு. மோன்ட்ஸ்டாட்டுக்குக் காற்று, லியுவேக்குப் பாறை, இனாசுமாவுக்கு மின்னல். அகத்திணையியல் பயின்றவர் இதனைக் கண்டதும் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் எனக் கருப்பொருள்களை எண்ணத் தொடங்குவது இயல்பு. எண்ணிக்கை ஏறத்தாழப் பொருந்தவும் செய்யும். பாலைக்குத் தெய்வம் கூறாது விட்ட தொல்காப்பியரின் சிக்கனம் மட்டும் இங்கில்லை. ஆயின் இத்தகைய பொருத்தப் பட்டியலோடு நிறைவுறும் கட்டுரைகள் தமிழாய்வில் ஏற்கெனவே மிகுதி. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரியே சிறந்தது என்பது உரைமரபு. உரிப்பொருளை வினவாத திணையாய்வு தாவரவியல் அட்டவணையைத் தாண்டுவதில்லை.

உரிப்பொருளை அணுகப் பொழுதே வாயில். கென்ஷினில் சிறுபொழுது உண்டு: வைகறை விடிகிறது, மாலை சிவக்கிறது, யாமம் இருள்கிறது. புறவுலகின் 1 நொடி அங்கு 1 நிமிடம். ஆகவே ஒரு நாள் 24 நிமிடங்களில் கழிகிறது. காத்திருக்க மனமில்லாதவர் கடிகாரத்தைத் தம் கையாலேயே திருப்பி மாலையை வரவழைத்துக்கொள்ளலாம். பெரும்பொழுதோ இல்லை. பனிமலையில் என்றும் பனி. இனாசுமாவின் செர்ரி மரங்கள் என்றும் பூத்தே நிற்கின்றன. காரும் கூதிரும் மாறிவரும் இடத்தை நிறுவனத்தின் புதுப்பதிப்புகள் நிரப்புகின்றன. வழக்கமாக 6 வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வருகிறது. அதுவே அவ்வுலகின் பருவமாற்றம்.

இங்குதான் உரிப்பொருள் வெளிப்படுகிறது. போர்க்காட்சிகள் மிகுந்திருப்பினும் இவ்விளையாட்டின் உள்ளியல்பு பிரிதலும் இருத்தலுமே. புதிய கதைமாந்தர் ஏறத்தாழ 21 நாள்கள் குலுக்கலில் தோன்றி மறைகின்றனர். மீண்டும் எப்போது வருவர் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்று குறித்த பருவமேனும் இருந்தது. அவள் ஆற்றியிருந்ததற்கு அடிப்படை அச்சொல்லின் மீது கொண்ட நம்பிக்கை. ஆடுவோர்க்கு அத்தகைய சொல் ஏதுமில்லை. அன்றாட ஆட்டத்திலும் இதே நிலைதான். போரில் வென்ற பரிசைப் பெறப் ‘பிசின்’ என்னும் அளவைப்பொருள் வேண்டும். அது 8 நிமிடத்திற்கு 1 வீதம் ஊறுகிறது. 2024இல் உயர்த்தப்பட்ட உச்ச அளவு 200. வெறுங்கலம் நிறைய 26 மணி 40 நிமிடம் ஆகும். பொறுக்காதவர், பணம் கொடுத்தும் பெறத்தக்க மணிகளைச் செலுத்தி உடனே நிரப்பிக்கொள்ளலாம். சங்கப் பாடலில் காத்திருப்பு ஒருத்தியின் மனத்தை ஆழப்படுத்திக் காட்டியது. இங்கு அது விலைப்பட்டியலாகிறது. நிலம் கட்டணமின்றித் திறந்திருப்பது மெய்யே. விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பது பொழுது.

அவ்விற்பனை ஊழோடு கைகோத்தது. ஐந்து விண்மீன் தரமுடைய மாந்தர் ஒரு குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 விழுக்காடு, 90 முறைக்குள் ஒருவர் உறுதி, அவர் விரும்பியவராகவே இருப்பார் என்பது உறுதியில்லை. திருக்குறளின் சூது அதிகாரத்தைச் சுட்டித் தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. சட்டத்திற்கு அது அத்துணை எளிதாக இல்லை. பிரபுக்கள் அவைக் குழு 2020இல் இவ்வகைக் குலுக்கல்களைச் சூதாட்டமாக ஒழுங்குபடுத்தப் பரிந்துரைத்தது. 2022 ஜூலையில் பிரித்தானிய அரசு 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்த மறுத்து, பொறுப்பைத் தொழில்துறையிடமே விட்டது. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் இவ்விளையாட்டின் வெளியீட்டாளர் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் இசைவின்றி 16 வயதிற்குட்பட்டோர்க்குக் குலுக்கல் விற்காதிருக்கவும் உடன்பட்டார்.

மொழிநிலையும் நோக்கத்தக்கது. 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சுமேரு நாடு மேருவைப் பெயராலேயே நினைவூட்டுவது. தெற்காசிய, மேற்காசியப் பண்பாடுகளிலிருந்து நிறையக் கடன் பெற்றது. அந்நாட்டு நீர்நிலைகளில் பூப்பது நீலோற்பலம். தமிழ் கருங்குவளை என்றறிந்த மலர் அது. லண்டன் பிள்ளையின் திரையில் உரோமன் எழுத்தில் அயற்பூவாக நிற்கிறது. விளையாட்டின் எழுத்து 15 மொழிகளிலும் குரல் 4 மொழிகளிலும் கிடைக்கின்றன. அவற்றுள் தமிழில்லை, இந்திய மொழி எதுவுமில்லை. சொற்கள் எடுத்தாளப்பட்ட நிலத்தின் மொழிகள் அந்நாட்டின் பேச்சில் இடம்பெறவில்லை.

கூடி ஆடுதலிலும் ஓர் எல்லை உண்டு. கணக்குகள் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசியா எனச் சேவையகவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒன்றிலிருப்பவர் மற்றொன்றிலிருப்பவரைக் காண இயலாது. லண்டன், டொராண்டோ, சென்னை எனச் சிதறிய ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் தத்தம் வட்டாரத்தையே தேர்ந்திருப்பின், ஒரே மலையில் ஒரே மாலையில் நின்றும் சந்திப்பதில்லை. சந்திக்க விரும்பும் லண்டன் பிள்ளை ஈட்டியதையெல்லாம் ஐரோப்பியச் சேவையகத்தில் விட்டுவிட்டு, மற்றவருடைய சேவையகத்தில் வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.